ஓரானில் இரு நோயாளர்
கம்யுவின் ‘கொள்ளைநோய்’ நாவலும் நீடித்த நோயுடைய மாணவரும்

இலக்கியத்திலே கொள்ளைநோய் பெற்றிருக்கும் இடத்தை நீடித்த நோய் பெறவில்லை. 1665 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரைத் தாக்கிய கொள்ளைநோயைப் பொருளாகக் கொண்டு டானியல் டீபோ 1722 இல் ஒரு நூலை எழுதினார். 1630 இல் மிலான் நகரிற் பரவிய கொள்ளைநோய் இத்தாலிய நாவலாசிரியர் மன்சோனியின் பெருநாவலுக்கு முக்கியமான களமாயிற்று. இத்தகைய ஆக்கங்களுக்குப் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. நோய் ஒரு நாள் வருகின்றது, பெருகுகின்றது, உச்சமடைகின்றது, பின்னர் தணிகின்றது. ஒரு நாடகத்துக்கு வேண்டிய தொடக்கத்தையும் வளர்ச்சியையும் முடிவையும் நோயே அமைத்துக் கொடுத்துவிடுகின்றது.

இருபது வயதிலே நீரிழிவோ தொய்வோ சிறுநீரக நோயோ வாய்க்கப்பெற்ற ஒருவரின் வாழ்க்கைக்கு இத்தகைய வடிவம் இல்லை. இன்று ஏற்றிய ஊசியை நாளையும் ஏற்றவேண்டும். இம்மாதம் சென்ற கிளினிக்குக்கு அடுத்த மாதமும் செல்லவேண்டும். திருப்பங்கள் குறைந்த இக்கதையை எழுத்தாளர் பலர் விரும்புவதில்லை. காதலுக்கும் போருக்கும் பொறாமைக்கும் இலக்கியம் அளித்த இடத்தை நோய்க்கு அளிக்கவில்லை என்று, தாமும் அடிக்கடி நோயுற்றிருந்த வேர்ஜீனியா வுல்ப் 1926 இல் எழுதிய கட்டுரையொன்றில் வியந்து கூறினார். கொள்ளைநோயை விடுத்து நீடித்த நோயை மாத்திரம் நோக்குவோமாயின், அவர் கூற்று இன்னும் பெரிதும் பொருந்துவதைக் காணலாம்.

ஒரே மனிதரின் உடலில், ஒரே காலத்தில், இவ்விரண்டும் சந்தித்தால் என்ன நிகழும்? 2020 ஆம் ஆண்டு தொடங்கிய கொவிட் தொற்றுக் காலத்தில் எம்மிடையே பயின்ற மாணவர் சிலரின் நிலை இதுவே. அக்காலத்திற் பல நாடுகளிலும் மீண்டும் பெருமளவில் வாசிக்கப்பட்ட நாவல், அல்பேர் கம்யு 1947 இல் வெளியிட்ட ‘லா பெஸ்ட்’ ஆகும். ‘கொள்ளைநோய்’ என நாம் இங்கு குறிப்பிடும் அந்நாவலை அம்மாணவரின் நிலையில் நின்று வாசிக்கும்போது, அதன் மையம் என இதுவரை கருதப்பட்டவை சற்று விலக, அதன் ஓரத்தில் இருந்த இருவர் முன்னே வருகின்றனர். அவ்விருவரையும் பற்றியதே இக்கட்டுரை.

1. நாவலின் ஓரத்தில் நிற்கும் இருவர்

அல்ஜீரியக் கரையோர நகரான ஓரானில் கொள்ளைநோய் பரவுகின்றது. நகரவாயில்கள் மூடப்படுகின்றன. வைத்தியர் ரியே, அவருடைய தோழர் தரூ, எழுதுவினைஞர் கிரான், பத்திரிகையாளர் ரம்பேர், பாதிரியார் பனலூ ஆகியோர் அந்நிலைமையை வெவ்வேறு விதமாக எதிர்கொள்கின்றனர். நாவலைப் பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் இவர்களையே சுற்றி வந்துள்ளன. ஆயின் கொள்ளைநோய் வருவதற்கு முன்னரே நோயுற்றிருந்த இருவர் நாவலில் உள்ளனர். ஒருவர் ரியேயின் மனைவி. மற்றவர் அவரிடம் மருத்துவம் பெறும் முதியவர், தொய்வு நோயாளர். இருவருக்கும் நாவலாசிரியர் பெயரிடவில்லை என்பது கவனத்துக்குரியது.

ரியேயின் மனைவிக்கு வயது முப்பது. ஓராண்டாக நோயுற்றிருக்கும் அவள், எலிகள் செத்து விழத்தொடங்கிய வேளையிலேயே மலைப்பிரதேச ஆரோக்கிய நிலையம் ஒன்றுக்குப் புறப்படுகின்றாள். புகையிரத நிலையத்தில் கணவர் அவளிடம் மன்னிப்புக் கேட்கின்றார். அவளை இன்னும் நன்றாகக் கவனித்திருக்கவேண்டும் என்கின்றார். வண்டி புறப்படுகின்றது. அதன்பின் அவள் நாவலில் தோன்றுவதேயில்லை. நகரம் மூடப்பட்டபின் தந்திகள் மாத்திரமே வருகின்றன. தான் நலமாயிருப்பதாக அவள் அறிவிக்கின்றாள். அது உண்மையன்று என்பதை அந்நிலையத்து வைத்தியர் மூலம் ரியே அறிகின்றார். இறுதியிலே, நோய் தணிந்து நகரம் மகிழ்ச்சிக்கு ஆயத்தமாகும் வேளையில், தரூ கொள்ளைநோயால் இறக்கின்றார். மறுநாட் காலை மனைவி இறந்த செய்தி தந்தியாக வருகின்றது. தரூவின் மரணம் பல பக்கங்களுக்கு விரிகின்றது. மனைவியின் மரணமோ சில வரிகளில் முடிந்துவிடுகின்றது.

தொய்வு நோயாளரான முதியவர் இதற்கு நேர்மாறானவர். சிறுவாணிபம் செய்து வாழ்ந்த அவர், ஐம்பது வயதில், உழைத்தது போதும் எனத் தீர்மானித்துப் படுக்கையிற் சாய்ந்தவர், மீண்டும் எழவில்லை. எழுந்து நடமாட அவருடைய நோய் இடமளித்திருக்கும் என்பதையும் கதைசொல்லி குறிப்பிடத் தவறவில்லை. அவருக்குக் கடிகாரம் பிடிக்காது. இரண்டு பாத்திரங்களை வைத்துக்கொண்டு, ஒன்றிலுள்ள கடலைகளை ஒவ்வொன்றாக மற்றதில் இடுகின்றார். இத்தனை பாத்திரம் நிறைந்தால் உணவு வேளை என்பது அவர் கணக்கு. நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் மடிகின்றனர். அவர் கடலை எண்ணிக்கொண்டே பிழைத்திருக்கின்றார். இவர் ஒரு புனிதரோ எனத் தரூ தம் குறிப்பேட்டில் அரை விளையாட்டாகவும் அரை வினையாகவும் வினவிக்கொள்கின்றார்.

இவ்விரு பாத்திரங்களும் நாவலின் வேடிக்கைக்காகவோ சோகத்துக்காகவோ சேர்க்கப்பட்ட துணைப் பாத்திரங்கள் என்று முதல் வாசிப்பிலே தோன்றலாம். ஆயின் நாவலின் அமைப்பை ஊன்றி நோக்கின் வேறோர் உண்மை புலனாகும். தரூ தம் வாழ்க்கைக் கதையை ரியேக்குச் சொல்வது இம்முதியவரின் வீட்டு மொட்டைமாடியிலேயே. இறுதியில், நகரத்தின் கொண்டாட்ட ஒலிகளைக் கேட்டபடி, இவ்வரலாற்றை எழுதவேண்டும் என ரியே முடிவெடுப்பதும் அதே மாடியிலேயே. அதாவது, கொள்ளைநோயின் கதை ஒரு நீடித்த நோயாளரின் கூரைமேல் நின்று பிறக்கின்றது. அவரோ கீழே கட்டிலில் இருக்கின்றார். இவ்வமைப்பைக் கம்யு திட்டமிட்டு அமைத்தாரோ அன்றோ, அது நாவலின் பலத்தையும் குறைபாட்டையும் ஒருங்கே காட்டுவதாக உள்ளது.

2. நோயாளியான மாணவர் கம்யு

இவ்விடத்து நாவலாசிரியரின் வாழ்க்கையை நோக்குதல் பயனுடைத்து. 1913 இற் பிறந்த கம்யு, வறிய குடும்பத்தினர். அல்ஜியேர்ஸ் நகரில் உயர்கல்லூரி மாணவராய் இருந்தபோது, 1930 இல், பதினேழு வயதில், சயரோகத்துக்கு ஆளானார். அக்காலத்தில் அதற்குத் திட்டவட்டமான மருந்து இல்லை. ஸ்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943 இலேயே. ஓய்வும் ஊட்டமான உணவுமே வைத்தியம். இறைச்சிக்கடை வைத்திருந்த உறவினர் ஒருவரின் வீட்டுக்கு அவர் அனுப்பப்பட்டார். படிப்பு இடைநின்றது. பல்கலைக்கழகக் கழகமொன்றின் இளையோர் அணியில் பந்துகாப்பாளராக விளையாடியதும் நின்றுபோயிற்று. பின்னர் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயின்று, 1936 இற் புளொட்டினஸ், அகஸ்தீன் ஆகியோர் பற்றிய ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். எனினும், பிரான்சிய அரசின் உயர் ஆசிரியத் தகைமைப் பரீட்சைக்கு அவர் தோற்ற இயலவில்லை. உடல்நிலை காரணமாகத் தேவையான மருத்துவச் சான்று மறுக்கப்பட்டது. அறிவினாலன்றி நுரையீரலினால் ஒரு மாணவரின் வழி அடைபட்டமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

நோய் 1942 இல் மீண்டும் தாக்கியது. பிரான்சின் மலைப்பகுதியிலுள்ள லு பனலியே என்னுமிடத்தில் அவர் தங்கினார். நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வளிக்கும்பொருட்டு மார்புக்குழியிற் காற்றைச் செலுத்தும் சிகிச்சைக்காகக் குறித்த இடைவெளிகளிற் சென். எத்தியேன் நகருக்குச் சென்று வந்தார். அவருடைய மனைவி முன்னதாக அல்ஜீரியாவுக்குத் திரும்பியிருந்தார். 1942 நவெம்பரில் நேசநாட்டுப் படைகள் வட ஆபிரிக்காவில் இறங்க, ஜெர்மானியர் பிரான்சின் தென்பகுதியையும் கைப்பற்றினர். கடல் அடைபட்டது. கணவனும் மனைவியும் பிரிந்தே இருக்க நேர்ந்தது. ‘கொள்ளைநோய்’ நாவலின் பெரும் பகுதி உருப்பெற்றது இச்சூழ்நிலையிலேயே.

இங்கு ஒரு தலைமாற்றம் நிகழ்ந்திருப்பதைக் காணலாம். மெய்வாழ்வில் மலைப்பிரதேசத்துக்கு நோயாளியாகச் சென்றவர் கணவர். கடலுக்கு அப்பால் இருந்தவர் மனைவி. நாவலில் நோயாளியாக மலைக்குச் செல்பவள் மனைவி. மூடிய நகரில் நலமுடன் உழைப்பவர் கணவர். தமது நோயை இன்னொரு பாத்திரத்தின்மீது ஏற்றி, அப்பாத்திரத்தைக் கதைக்கு வெளியே அனுப்பிய பின்னரே கம்யுவால் கொள்ளைநோயின் கதையைச் சொல்ல முடிந்தது எனலாம். பதினேழு வயதிலிருந்து தாம் அறிந்த நோயை அவர் மறக்கவில்லை. ஆயினும் அதனைக் கதையின் நடுவே வைக்க அவர் துணியவில்லை, அல்லது விரும்பவில்லை.

3. திறனாய்வாளர் கண்டதும் காணாததும்

‘கொள்ளைநோய்’ வெளிவந்த காலந்தொட்டு அதனை ஓர் உருவகமாகவே பலரும் வாசித்தனர். நாஸிகளின் ஆக்கிரமிப்பும் அதற்கெதிரான போராட்டமுமே அதன் உட்பொருள் என்பர். ரோலன் பார்த் 1955 இல் எழுதிய விமர்சனத்தில், வரலாற்றை நோயாக மாற்றியமையால் மனிதப் பகைவர் மறைந்துவிடுகின்றனர் என்ற கருத்துப்பட வாதிட்டார். எதிர்ப்பியக்கமே நாவலின் வெளிப்படையான பொருள் என்று கம்யு அவருக்கு மறுமொழி எழுதினார். 1970 இல் கம்யு பற்றி நூல் எழுதிய கொனர் குரூஸ் ஒபிரையன் வேறொரு வினாவை எழுப்பினார்: அல்ஜீரிய நகரொன்றிலே அராபியர் எங்கே? நகரின் கணிசமான மக்கள் நாவலில் முகமற்றவராய் இருப்பதை அவர் சுட்டிக்காட்டினார்.

பேராசிரியர் க. கைலாசபதி முதலானோரின் வழியில் இலக்கியத்தைச் சமூகத்தோடு இணைத்து நோக்கப் பழகிய எமக்கு ஒபிரையனின் வினா மிக நெருக்கமானது. ஓர் ஆக்கத்தில் யார் பேசுகின்றார், யார் பேசாதிருக்கின்றார் என வினவுதல் திறனாய்வின் கடமைகளுள் ஒன்று. அவ்வினாவை இன்னும் ஒரு படி நகர்த்துவோம். உருவக வாசிப்பு, கொள்ளைநோயை வேறொன்றின் குறியீடாக்கிவிடுகின்றது. நோயைக் குறியீடாக்குவதால் நோயாளர்க்கு நேரும் தீங்கினை சூசன் சொன்ராக் 1978 இல் விரிவாக எடுத்துரைத்தார். அவர்தாமும் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். ஓரானின் கொள்ளைநோய் ஆக்கிரமிப்பைக் குறிக்குமாயின், அம்முதியவரின் தொய்வு எதைக் குறிக்கும்? ரியேயின் மனைவியின் நோய் எதைக் குறிக்கும்? அவை எதையும் குறிப்பனவல்ல, வெறும் நோய்களே. உருவகத்துக்குள் அடங்காமையினாற்போலும் உருவக வாசிப்பாளர் அவற்றைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை.

நாவலுக்கு ஆதரவாக ஒரு வாதத்தை முன்வைக்கலாம். இறுதியிலே கதைசொல்லி ரியேயே என்பது வெளிப்படுகின்றது. அனைவரின் துன்பத்துக்கும் சாட்சியாக நிற்பவர் தமது சொந்தத் துன்பத்தைச் சுருக்கிச் சொல்வது ஓர் ஒழுக்கம். மனைவியின் மரணம் சில வரிகளில் முடிவதற்கு அதுவே காரணம் என்பர். இவ்வாதம் வலுவுடையது. அச்சில வரிகளின் அடக்கம் வாசகனைத் தாக்குவதையும் மறுப்பதற்கில்லை. எனினும் அவ்வடக்கம் ரியேயின் துயரத்தை மதிக்கின்றதேயன்றி அவளுடைய நோயைக் கூறுவதாக இல்லை. அந்நிலையத்தில் அவள் எவ்வாறு வாழ்ந்தாள், நலம் என ஏன் பொய்த் தந்தி அனுப்பினாள் என்பன இருளிலேயே உள்ளன. நோயுற்றோர் பலர் தம் வீட்டாருக்குச் சொல்லும் பொய் அது. அதனை விரித்திருப்பின் நாவல் மேலும் ஆழம் பெற்றிருக்கும்.

4. எமது காலத்து வாசிப்பு

இலங்கையில் 2020 மார்ச் நடுப்பகுதியிற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. மார்ச் 20 ஆந் திகதி நாடளாவிய ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. விடுதிகளிலிருந்து வீடு சென்ற மாணவருள் தொய்வு, முதலாம் வகை நீரிழிவு, தலசீமியா முதலிய நோயுடையோரும் இருந்தனர். இக்கட்டுரையாளரும் தொய்வு நோயுடையவரே. ஆகையால் பின்வருவன வெறும் ஊகங்கள் அல்ல.

முதலாவது, காலக்கணக்கு. நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் நீலநிற இன்ஹேலரில் 200 முறைக்கான மருந்து உண்டு. எண் காட்டும் வசதி பலவற்றில் இல்லை. கிளினிக் எப்போது நடைபெறும் என்பது தெரியாத நிலையில், பாவித்ததை நோயாளரே எண்ணிக் கழித்துக்கொள்ள நேர்ந்தது. கடலை எண்ணும் முதியவரை நாவலில் வேடிக்கை மனிதராகக் கண்டவர் அப்போது அவரை வேறு விதமாகக் கண்டிருப்பர். மருந்துகளைத் தபால் மூலம் வீட்டுக்கு அனுப்பும் ஒழுங்கு பின்னர் செய்யப்பட்டமை இவ்விடத்து நன்றியுடன் குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது, இருமல். அதுவரை தொய்வு நோயாளரின் இருமல் அவருடைய சொந்த விடயம். 2020 இல் அது பொது விடயமாயிற்று. பஸ்ஸில் இருமியவர் ஆபத்தானவராய் நோக்கப்பட்டார். மூச்சுமுட்டு ஏற்பட்டால் இது பழைய நோயா புதிய நோயா என்பதை நோயாளராலும் துணிய முடியவில்லை. மருந்தை நுண்துளிகளாக்கிச் செலுத்தும் நெபுலைசர், தொற்றைப் பரப்பக்கூடும் என்ற ஐயத்தால் அக்காலத்திற் பல இடங்களிலும் தவிர்க்கப்பட்டது. ஆக, புதிய நோய் பழைய நோயின் மருந்தையும் மாற்றிவிட்டது.

மூன்றாவது, மொழி. நாள்தோறும் வெளியிடப்பட்ட மரண அறிவித்தல்களில் இறந்தவரின் வயதும் பாலும் இடமும் மாத்திரமன்றி, அவருக்கு இருந்த நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் முதலிய நோய்களும் நிரற்படுத்தப்பட்டன. மருத்துவ நோக்கில் அது தேவையான தகவலே. ஆயின் நலமுள்ளவர் அதனை ஆறுதலாக வாசித்தனர். எனக்கு அந்நோய்கள் இல்லை என எண்ணிக்கொண்டனர். அந்நோய்கள் உள்ள மாணவரோ தமது பெயர் முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதாக அதனை வாசித்தார். ஈழத்துப் பேச்சு வழக்கில் நோயை ‘வருத்தம்’ என்றும் நோயுற்றவரை ‘வருத்தக்காரர்’ என்றும் கூறுவோம். காய்ச்சற்காரர் ஒரு வாரத்திற் பழைய ஆளாகிவிடுவார். நீடித்த நோயுடையவருக்கோ அது நிலைத்த பெயராகிவிடுகின்றது. ஓரானின் இரு நோயாளரையும் பெயரின்றி நோயாற் குறிப்பிடுவதன் பொருள் இப்பின்னணியில் எமக்குத் தெளிவாகின்றது.

நான்காவதே மிக முக்கியமானது. தொற்றுக்கு முன், நோய் காரணமாக விரிவுரைக்கு வர இயலாத மாணவர், விரிவுரையை ஒலிப்பதிவு செய்து தருமாறு கேட்பது அளவு கடந்த கோரிக்கையாகக் கருதப்பட்டது. பல பீடங்களிற் கோரப்படும் 80 சதவீத வரவுக்காக, மூச்சுமுட்டுடன் மாடிப்படி ஏறுவதா மருத்துவச் சான்றிதழுக்காக வரிசையில் நிற்பதா என்பதே அவருடைய தெரிவாயிருந்தது. தொற்றுக் காலத்தில் எல்லாரும் வீட்டிலிருக்க நேர்ந்தபோது, விரிவுரைகள் சூம் வழியே வந்தன, பதிவுகள் கிடைத்தன, ஒப்படைகளுக்குத் தவணை நீடிக்கப்பட்டது. இணைய வசதியற்ற கிராமத்து மாணவர் இதனாற் பெரிதும் இடருற்றனர். கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை தேடி மரத்திலும் மலையிலும் ஏறியோர் உண்டு. அதனை மறைத்து அக்காலத்தைப் போற்றுதல் தகாது. எனினும், இயலாது என நெடுங்காலம் கூறப்பட்டவை, நலமுள்ளோருக்குத் தேவைப்பட்டபோது சில வாரங்களில் இயல்வனவாயின என்பது வரலாற்று உண்மை. வாயில்கள் திறந்ததும் அவற்றுட் பல மீளப்பெறப்பட்டன என்பதும் உண்மை.

5. திறந்த வாயில்களின் பின்னர்

நாவலின் முடிவு இங்கேதான் எமக்குப் பொருளுடையதாகின்றது. மாசி மாதத்தின் ஒரு காலையில் ஓரானின் வாயில்கள் திறக்கின்றன. பிரிந்தோர் கூடுகின்றனர். அவ்வேளையில் ரியேக்குக் கூடுவதற்கு யாரும் இல்லை. அவருடைய மனைவி கொள்ளைநோயால் இறக்கவில்லை. ஆகவே நகரின் மரணக் கணக்கில் அவள் இல்லை. அம்முதியவரோ முன்போலவே கட்டிலில் இருக்கின்றார். கொள்ளைநோய் என்பது வாழ்க்கையேயன்றி வேறென்ன என்ற பொருள்பட அலட்சியமாகப் பேசுகின்றார். நலமுள்ளோருக்கு விதிவிலக்காக வந்துபோன அச்சமும் அடைபட்ட நாள்களும் அவருக்கு அன்றாட நியதி. கொள்ளைநோய்க் கிருமி முற்றாக மறைவதில்லை என்ற அறிவுடன் ரியே தம் வரலாற்றை முடிப்பது புகழ்பெற்ற முடிவாகும். அவ்வறிவை நீடித்த நோயாளர் எவரும் ரியேக்கு முன்னரே பெற்றிருந்தனர்.

உலக சுகாதார நிறுவனம் கொவிட் தொடர்பான சர்வதேச அவசரநிலை முடிவுற்றதாக 2023 மே 5 ஆந் திகதி அறிவித்தது. எமது நாட்டு நோயாளருக்கு இடையில் 2022 ஆம் ஆண்டு வந்தது. பொருளாதார நெருக்கடியால் மருந்துகள் தட்டுப்பட்டன. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலங்கள் வரை நீண்டது. இன்சுலினைக் குளிராக வைத்திருக்க ஈர மட்பானையை நாடும் நிலை தோன்றியது. தொற்றின் கதை முடிந்ததாக நாடு எண்ணிய பின்னரும், நோயுடைய மாணவரின் எண்ணிக்கை தொடர்ந்தது.

இவற்றால் நாம் பெறும் முடிபு யாது? ‘கொள்ளைநோய்’ ஒரு சிறந்த நாவல். தாம் பட்ட நோயை அறிந்த ஒருவராலேயே அம்முதியவரின் கடலைகளையும் அப்பொய்த் தந்திகளையும் எழுத முடியும். ஆயினும் அவ்வறிவை அது ஓரத்திலேயே நிறுத்திவிட்டது. கூட்டுத் துன்பமே கதைக்குரியது, தனி உடலின் நெடுந்துன்பம் கதைக்குப் புறம்பானது என்ற எண்ணத்திலிருந்து அது முழுமையாக விடுபடவில்லை. எமது எழுத்தாளர் இத்தொற்றுக் காலத்தைப் பற்றி எழுதும்போது ஊரடங்கையும் மரணக் கணக்கையும் எழுதினாற் போதாது. கட்டிலில் இருந்தவரைக் கதைசொல்லியாக்கவேண்டும். அத்தகைய படைப்பு, முடிவை நோக்கி விரையும் வழக்கமான கதையமைப்பைக் கைவிட்டு, திரும்பத் திரும்ப வரும் நாள்களுக்கு ஏற்ற வேறோர் அமைப்பைக் கண்டறிய வேண்டியிருக்கும். அது கடினமான கலைப்பணி. எமது இளம் எழுத்தாளர் முயன்று பார்க்கத்தக்கது.

பல்கலைக்கழகச் சமூகத்துக்கும் இவ்வாசிப்பு ஒரு பணியை விட்டுச் செல்கின்றது. விரிவுரைப் பதிவுகள், நெகிழ்வான தவணைகள், வரவு விதியில் நோயுடையோர்க்கான தெளிவான ஏற்பாடு ஆகியவை அவசரகாலச் சலுகைகளாக வந்தன. அவற்றை நிலையான உரிமைகளாக்குவதற்குப் பெருஞ் செலவு தேவையில்லை. நாம் ஒருமுறை செய்து காட்டியவற்றை மீண்டும் செய்தாற் போதும். பதினேழு வயதில் நோயுற்ற ஒரு மாணவருக்கு மருத்துவச் சான்று மறுத்த அமைப்பு, ஓர் ஆசிரியரை இழந்தது. அவர் எழுத்தாளராய் வந்தமை உலகத்தின் நற்பேறு. அவ்வாறு வழி மறிக்கப்படும் மாணவர் எல்லாருக்கும் வேறு வழி வாய்ப்பதில்லை.